நஞ்சை மனையாவதைத் தடுக்க அரசின் இணையச் சேவைகள் எதுவரை கைகொடுக்கும்? டெல்டா விவசாயிகளுக்கான மதிப்பீடு

சம்பா அறுத்த வயலில் கிராவல் லாரி இறங்கினால் பக்கத்து வயல்காரருக்கு மூன்று கேள்விகள் எழும். அந்த நிலம் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது? அதை மாற்ற யாராவது அனுமதி கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் எங்கே போய்த் தடுப்பது? தாலுகா ஆபீஸ் வாசலில் காத்திருந்து கேட்ட காலம் போய், இன்று வருவாய்த் துறையின் நில ஆவணத் தளம், பதிவுத் துறைத் தளம், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தளம், மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ரெராவின் தளம், தகவல் உரிமை இணைய மனு என்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் நஞ்சை வழக்குக்கு எவ்வளவு உதவும் என்று மட்டும் இங்கே பார்க்கிறோம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று போன்ற வேலைகளுக்கு இவை எப்படி என்பது வேறு விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கிறது. மூன்றாவதற்கு ஓரளவு கிடைக்கிறது. நடுவில் இருக்கும் கேள்விக்கு, அதாவது யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதற்கு, எந்தத் தளமும் பக்கத்து வயல்காரரைத் தேடி வந்து தகவல் சொல்வதில்லை. கல் நட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது என்ற நிலை வருவது இந்த ஓட்டையால்தான்.

பாதுகாக்கப்பட்ட மண்டலம் என்ற பெயர்

சேவைகளுக்குள் போவதற்கு முன் சட்டம் எது என்று தெரிந்துகொள்வது அவசியம். தப்பான சட்டத்தைக் காட்டி எழுதிய மனு எந்தத் தளத்தில் பதிவேற்றினாலும் நிற்காது.

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (மயிலாடுதுறை அப்போது அதற்குள் இருந்தது) மாவட்டங்களும், கடலூரில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம் உள்ளிட்ட ஒன்றியங்களும், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி உள்ளிட்ட ஒன்றியங்களும் அதில் வந்தன. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களின் காவிரிப் பாசன ஊர்களை அப்போது சேர்க்கவில்லை.

அந்தச் சட்டம் தடுப்பது அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ள தொழில்களை. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத் தாது ஆலை, எஃகு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் மீத்தேனும் ஷேல் எரிவாயுவும் தோண்டி எடுத்தல் ஆகியவை அதில் இருக்கின்றன. வீட்டுமனை இல்லை. கல்யாண மண்டபம் இல்லை. கிடங்கும் இல்லை. சாலை, குழாய்ப்பாதை, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டமைப்புகளுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். மீத்தேனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் எதிராக இந்தச் சட்டம் பெரிய அரண்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் பக்கத்து வயல் பிளாட்டாகிறது என்று இதை மட்டும் மேற்கோள் காட்டி எழுதும் மனுவுக்கு, பட்டியலில் இல்லை என்ற ஒரு வரியில் பதில் முடிந்துவிடும்.

மனைக்குப் பொருந்துவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதில் இரண்டு பாதைகள் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற நகரங்களைச் சுற்றியுள்ள திட்டப் பகுதிக்குள் நிலம் இருந்தால், முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அதற்கு விவசாய உபயோகம் என்று குறித்திருப்பார்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் திட்டத்தையே திருத்த வேண்டும். அது 32-ஆம் பிரிவின் வேலை, ஆட்சேபம் கேட்கும் அறிவிப்போடு நடக்கும். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் 47-அ பிரிவும், 2017-இல் அதன்கீழ் வந்த நில உபயோக மாற்ற விதிகளும் பொருந்தும். விண்ணப்பம் உள்ளாட்சி வழியாகவும் நகர் ஊரமைப்பு அலுவலகம் வழியாகவும் நகரும். நஞ்சையாக இருந்தால் வேளாண் துறையின் அறிக்கையும் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் தேவை. உங்கள் கிராமம் எந்தப் பாதையில் வருகிறது என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த வேலையும் பாதி வீண்.

அ-பதிவேடு: இருப்பதிலேயே நல்ல சேவை

நில ஆவணத் தளத்தில் பெரும்பாலானவர்கள் பட்டா சிட்டாவைத்தான் எடுக்கிறார்கள். தகராறுக்கு அது போதாது. பட்டாவில் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, தீர்வை என்ன என்பதோடு முடிந்துவிடும். அதே தளத்தில் அ-பதிவேடு என்ற பகுதிக்குப் போய் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண் கொடுத்தால் வரும் பக்கம்தான் இந்த வழக்குகளின் முதுகெலும்பு. பணம் கட்ட வேண்டியதில்லை, பக்கத்து வயலின் எண்ணையும் போட்டுப் பார்க்கலாம்.

அதில் நான்கு கட்டங்களை நிதானமாகப் படியுங்கள். நிலத்தின் வகை முதலாவது. நாம் நஞ்சை என்று சொல்வதைப் பதிவேடு நன்செய் என்று எழுதும். இரண்டாவது பாசன ஆதாரம். மனை போடுகிறவர் தரப்பு வழக்கமாகச் சொல்வது, இது தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் என்பது. பாசன ஆதாரத்தில் ஆறோ வாய்க்காலோ எழுதியிருந்தால், அதை அரசே ஒருமுறை பாசன நிலம் என்று ஏற்றுத் தீர்வை போட்டிருக்கிறது என்று பொருள். மூன்றாவது இருபோகமா என்ற கட்டம். குறுவையும் தாளடியும் எடுக்கும் நிலத்துக்கு இதன் பயன் மனை வழக்கோடு நிற்காது. அரசே நிலம் எடுக்க வந்தால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பாசன வசதியுள்ள பலபோக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. நான்காவது குறிப்பு என்ற கடைசிக் கட்டம். பழைய உத்தரவு எண் ஏதாவது இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

(10-ஆவது பிரிவை நம்பி மட்டும் இருந்துவிடவும் கூடாது. மாநில நெடுஞ்சாலைச் சட்டமும் தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டமும் 2013 சட்டத்திலிருந்து விலகி நிற்க வழி செய்த ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. அந்தச் சட்டங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்கச் சட்டமன்றம் அதே ஆண்டில் மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை உறுதிசெய்துவிட்டது.)

பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். ஊர்க் கணக்கோடு ஒட்டிப் பார்க்க: ஒரு மா என்பது 100 குழி, 14,400 சதுர அடி, 33 சென்ட், ஏறத்தாழ 13.4 ஏர். இருபது மா ஒரு வேலி, 6.6 ஏக்கர். பதிவேட்டில் 0.40.50 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர். தசமப் புள்ளியைத் தவறாகப் படித்து மனுவில் பரப்பைப் பத்து மடங்கு ஏற்றி எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சேவையின் குறை அதன் வயதில் இருக்கிறது. இன்றைய பதிவேட்டின் அடிப்படை 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அதற்குப் பின் போர் போட்டு நெல் விளைகிற நிலம் புன்செய் என்றே கிடக்கலாம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இதைக் கவனிக்க வேண்டும். புன்செய் என்று எழுதியிருந்தால் நஞ்சைக்குள்ள கூடுதல் தடை உங்களுக்குக் கிடைக்காது. வாதம் வேறு இடத்தில், வடிகாலிலும் வாய்க்காலிலும் நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொரு குழப்பமும் பரவலாக உண்டு. நில உபயோக மாற்றம் கிடைத்தாலும் அ-பதிவேட்டில் நன்செய் என்ற சொல் தானாக மாறுவதில்லை. வருவாய்த் துறையின் வகைப்பாடு ஒன்று, நகர் ஊரமைப்புத் துறையின் உபயோக அனுமதி இன்னொன்று. எனவே பதிவேட்டில் இன்னும் நன்செய்தான் இருக்கிறது, அதனால் அனுமதி வாங்கவில்லை என்று முடிவுகட்டிப் புகார் எழுதாதீர்கள். அனுமதி உண்டா இல்லையா என்பதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

நகரத்தோடு இணைந்த கிராமங்களில் நகர நில அளவை முடிந்திருந்தால், ஊரகம் என்று தேடினால் எதுவும் வராது. வார்டு, பிளாக், நகர அளவை எண் வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணில் மனுவும் புதிய எண்ணில் அனுமதியும் இருந்தால் கோப்பில் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

புல வரைபடமும் வாய்க்காலும்

அதே தளத்தில் புல வரைபடமும் இலவசம். இதில் தேட வேண்டியது எல்லையைவிட வாய்க்காலை. அரசு வாய்க்காலுக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருக்கும். அந்த எண்ணை அ-பதிவேட்டில் போட்டால் அரசு, புறம்போக்கு, வாய்க்கால் என்று வரும். மனை போடும் நிலத்தைச் சுற்றியுள்ள எல்லா எண்களையும் இப்படி ஒரு சுற்றுப் பாருங்கள். கிராமத்துக்கு வெளியே இருந்து வந்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு பாத்திகளுக்கு நடுவில் ஓடுவது வெறும் வரப்பாகத் தெரியும். வரைபடத்தில் அது தனி எண்ணாக இருந்தால், அதை மூடுவது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். நில உபயோக அனுமதி இருந்தாலும் அந்தத் தவறு தவறுதான்.

சிக்கல், பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் வாய்க்காலில் வருகிறது. டெல்டாவில் மடையிலிருந்து வயலுக்கு வயல் பாயும் முறை பரவலாக இருப்பதால் இப்படிப்பட்டவை ஏராளம். வரைபடம் அவற்றைக் காட்டாமல் போகலாம். இதற்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுதான் துணை. இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக, வெளிப்படையாகப் பாய்ச்சியிருந்தால் அந்த உரிமை நிலைபெறும். எதிரில் அரசு நிலம் என்றால் முப்பது ஆண்டுகள். எந்த இணையதளமும் இதை நிரூபிக்காது. பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "வாய்க்கால் பாத்தியம், வண்டிப் பாட்டை பாத்தியம் சகிதம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பின் தாய்ப்பத்திரத்தில் அதே வரி இருந்தால் இன்னும் நல்லது.

வடிகாலை யாரும் முதலில் நினைப்பதில்லை. பாதிப்பில் பெரியது அதுதான். நடுவில் ஐந்து ஏக்கரை மூன்றடி உயர்த்திவிட்டால், மேல் வயல்களின் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். அதனால்தான் மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றில் என்ன நிபந்தனை போட்டார்கள், எத்தனை இடத்தில் குழாய்ப் பாலம் வைக்கச் சொன்னார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் போராட்டம் முடிந்த மாதிரி.

அடங்கல்: நம்பவும் வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும்

பதிவேடு சொல்வது நிலத்தின் பிறப்பை. இன்று அது விளைகிறதா என்பதைச் சொல்ல வேண்டியது அடங்கல், கிராமக் கணக்கு எண் 2. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-இல் தொடங்கும். ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் பசலி வரும், ஆகவே 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

மாற்றம் கேட்பவர்கள் செய்யும் முதல் வேலை நிலத்தைச் சும்மா போடுவது. இரண்டு மூன்று பசலி தரிசு என்று ஏறிவிட்டால், விவசாயத்துக்கு உதவாத நிலம் என்ற வாதத்துக்கு ஆவணம் தயார். பக்கத்து வயல்காரர்கள் கல் நட்ட பிறகு அடங்கலைத் தேடுகிறார்கள். தரிசு என்று முதல் முறை ஏறும்போதே தேடியிருக்க வேண்டும். ஜமாபந்தியில் கணக்குச் சரிபார்ப்பு நடக்கும்போது அதை எழுத்தில் ஆட்சேபிப்பதுதான் சரியான நேரம்.

தரிசு என்று எழுதிய ஆண்டில் உண்மையில் பயிர் இருந்திருந்தால் அதை வேறு காகிதங்கள் காட்டிக்கொடுக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, பயிர்க் காப்பீட்டுப் பதிவு, கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் எல்லாவற்றிலும் புல எண் இருக்கும், அடங்கல் நகலும் இணைந்திருக்கும். ஒரே பசலியில் ஒரு நகல் நெல் என்றும் இன்னொன்று தரிசு என்றும் சொன்னால், அந்த முரண்பாடு எந்த வழக்கறிஞரின் வாதத்தைவிடவும் வலுவானது.

செயற்கைக்கோள் படத்தையும் பயன்படுத்தலாம், இதுவும் இலவசம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் 2015-இலிருந்து கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சரியாக ஒரு ஏர். ஒரு மா வயல் பதின்மூன்று புள்ளிகளாகத் தெரியும், பச்சையா கட்டாந்தரையா என்று சொல்ல அது போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைக்கும், எனவே ஜனவரிப் படங்களை எடுங்கள், சம்பா நிற்கும் காலம் அது. நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட படத்தையும் கைபேசிப் புகைப்படத்தையும் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அது இல்லாததால் நல்ல படங்கள் கோப்பில் வெறும் தாளாகக் கிடக்கின்றன.

பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று

வில்லங்கச் சான்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நிலம் கை மாறியது, பொது அதிகாரப் பத்திரம் எழுதியது, சதுர அடிக் கணக்கில் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியது எல்லாம் தெரியும். பதியாத கிரய உடன்படிக்கை தெரியாது. நிலுவையில் உள்ள வழக்கும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட பயனுக்கு மட்டும் இதற்கு நிகர் இல்லை. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017 விதிகள் 20.10.2016 என்ற தேதியை எல்லையாக வைக்கின்றன. விவசாய நிலங்கள் மனையாவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டதன் தொடர்ச்சி அது. இது பழைய மனைப்பிரிவு, வரன்முறைக்குத் தகுதியானது என்று யாராவது சொன்னால், அந்தத் தேதிக்கு முன் பதிவான மனைக் கிரயம் ஒன்றாவது இருக்கிறதா என்று வில்லங்கத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நகர் ஊரமைப்பும் ரெராவும்

இந்த மதிப்பீட்டில் குறைந்த மதிப்பெண் திட்ட அனுமதிக்கான ஒற்றைச் சாளரத் தளத்துக்கு. விண்ணப்பிப்பவருக்கு அது நல்ல வசதி. கட்டணம், ஆய்வு, கோப்பின் நிலை எல்லாம் அவருக்குத் தெரியும். பாதிக்கப்படப் போகிறவர் தன் கிராமத்தின் புல எண்ணைக் கொடுத்து, இதன்மேல் விண்ணப்பம் ஏதும் உண்டா என்று கேட்பதற்கான வழியாக அது அமைக்கப்படவில்லை. அ-பதிவேட்டை யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட அரசு, இதையும் புல எண் வழியே திறந்துவிட்டால் பாதி வழக்குகள் வழக்காகாமலேயே தீரும். நிச்சயம் செய்ய வேண்டிய மாற்றம் இது.

அதுவரை பின்வாசல் ஒன்று இருக்கிறது, அது ரெரா. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. 500 சதுர மீட்டர் என்பது அரை மாவுக்கும் குறைவு, ஆகவே ஊர்ப்புறத்து மனைப்பிரிவு அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கும். தமிழ்நாடு ரெரா தளத்தில் மாவட்டவாரியாகத் தேடி, பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனுமதி எண்ணும் வரைபடமும் அங்கிருந்தே தொடங்கிக் கேட்கலாம். பதாகை வைத்தும் பதிவு எண் இல்லையென்றால் அதுவே தனிப் புகார். 31-ஆவது பிரிவு பாதிக்கப்பட்ட எவருக்கும் புகார் உரிமை தருகிறது, மனை வாங்கியவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

தகவல் உரிமை மனு: எழுதும் விதத்தில் இருக்கிறது

நடுக் கேள்விக்கு உறுதியான விடை தருவது இதுதான். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு.

"விளைநிலத்தை மனையாக்க ஏன் அனுமதித்தீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை சட்டத்தில் இல்லை, கையிலிருக்கும் ஆவணத்தைத் தரும் கடமைதான் உண்டு. இப்படிக் கேளுங்கள்: இன்ன கிராமம், இன்ன புல எண்கள் தொடர்பாக நில உபயோக மாற்றமோ மனைப்பிரிவு அனுமதியோ கோரி வந்த விண்ணப்பத்தின் நகல், வேளாண் இணை இயக்குநர் அறிக்கையின் நகல், நீர்வளத் துறைத் தடையின்மைச் சான்றின் நகல், வட்டாட்சியர் அறிக்கையின் நகல், ஆட்சியர் அனுப்பிய கடிதத்தின் நகல், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். இதோடு கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. மூன்றாம் நபர் தகவல் என்று மறுத்தால், அரசு அலுவலர் எழுதிய ஆய்வறிக்கை எப்படி மூன்றாம் நபரின் தகவலாகும் என்று மேல்முறையீட்டில் கேட்கலாம். நகர் ஊரமைப்பு அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், நீர்வளக் கோட்டம் மூன்றுக்கும் தனித்தனி மனு போடுவது நல்லது. ஒரு கோப்பில் விடுபட்ட பக்கம் இன்னொன்றில் இருக்கும்.

இதற்கு இணையாக கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. தீர்மானம் ஒன்று மட்டும் அனுமதியை ரத்து செய்துவிடாது. ஆனால் எந்தத் தேதியில் ஊர் எதிர்த்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் வேறில்லை. தீர்மானத்தில் மடையின் பெயர், வாய்க்காலின் பெயர், பாதிக்கும் கடைமடைப் பரப்பு ஆகியவை இருக்கட்டும். விளைநிலத்தைக் காப்போம் என்று பொதுவாக எழுதினால் அது முழக்கமாகத்தான் படிக்கப்படும்.

கோயில், ஆதீன நிலமென்றால்

டெல்டாவில் பட்டாதாரர் கட்டத்தில் சுவாமியின் பெயர் வருவது சாதாரணம். அப்படியென்றால் பாதை மாறுகிறது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி விற்பனைக்கும் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் ஆணையரின் அனுமதி வேண்டும், அதற்கு முன் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வர வேண்டும். குத்தகைச் சாகுபடி செய்பவர் 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. பெயர் ஏறாத குத்தகைதாரருக்கு எந்த மன்றத்திலும் முதல் தடை அதுதான்.

சட்ட உதவியும் நீதிமன்றமும்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வட்ட சட்டப் பணிகள் குழு இரண்டும் நீதிமன்ற வளாகங்களிலேயே இருக்கின்றன. தொலைபேசி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. பட்டா பெண்ணின் பெயரில் இருக்கும் வீடுகள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். போகும்போது அ-பதிவேடு, புல வரைபடம், அடங்கல், தகவல் உரிமைப் பதில் நான்கையும் கையில் கொண்டுபோங்கள். நீதிமன்றத்துக்குத் தளத்திலிருந்து எடுத்த அச்சை நம்பாமல், தாலுகா அலுவலகத்தில் சான்றிட்ட நகலாக வாங்கிவிடுங்கள்.

எந்த உயர் நீதிமன்றம் என்பதில் டெல்டா இரண்டாகப் பிரிகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் சென்னைக்குப் போகும். கும்பகோணத்து நிலமென்றால் மதுரை, பக்கத்துக் குத்தாலத்து நிலமென்றால் சென்னை. ரிட் மனுவில், உத்தரவின் நகல் கையில் இல்லாமல் "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டால் கிடைப்பதும் அது மட்டும்தான். பரிசீலித்தோம், நிராகரித்தோம் என்று மூன்று மாதத்தில் கடிதம் வரும், அதற்குள் மனைகள் பத்துப் பேர் கைக்குப் போயிருக்கும். அவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்காவிட்டால் அது புதிய குறை. ஆகவே முதலில் தகவல் உரிமை, பிறகு உத்தரவையே ரத்து செய்யக் கோரும் மனு. பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் சட்டங்கள் மீறப்பட்ட வழக்குக்கு மட்டும் பொருந்தும். அங்கே 14-ஆவது பிரிவின்படி காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

வாய்க்காலும் வடிகாலும் பிரச்சினை என்றால் உள்ளூர் முன்சீப் நீதிமன்றம்தான் விரைவானது. மனை போடுபவர் மேல் மட்டும் வசதியுரிமை கோரி வழக்குப் போட்டால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்கும் சிக்கல் இல்லை. வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் அரசையும் சேர்க்க வேண்டும், அப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80(2) பிரிவில் அவசர அனுமதி கேட்க வேண்டும். கூடவே ஆணை 26 விதி 9-இன் கீழ், இடத்தை நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லுங்கள், அளவையருடன்.

ஆணையர் எந்த மாதத்தில் வருகிறார் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏப்ரலில் வந்தால் காய்ந்த பள்ளத்தைத்தான் பார்ப்பார், "தண்ணீர் ஓடியதற்கான அடையாளம் காணப்படவில்லை" என்று எழுதிவிடுவார். வழக்கை மார்ச்சில் போட்டாலும், மேட்டூர் திறந்து முறைப்பாய்ச்சல் வந்த பிறகு, முடிந்தால் ஐப்பசி மழையின்போது, மறு ஆய்வுக்கு மனுப் போடுங்கள். மடை திறந்து தண்ணீர் எதுவரை வந்து எங்கே முட்டி நிற்கிறது, மேல் வயலில் எத்தனை அங்குலம் தேங்கியிருக்கிறது என்பதை அவர் முன்னாலேயே அளக்கச் செய்யுங்கள். அளவுகோல் தெரியும்படி படமெடுத்து, அதை அறிக்கையின் இணைப்பாகச் சேர்க்கக் கேளுங்கள்.